வெள்ளையனுக்குக் கிளி எடுத்த சீட்டு

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கப் போகிறீர்கள், உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் அப்படிப் பார்த்தாயிற்று. நான் கச்சிராயபாளையத்தில் சுடுகாட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுச் சன்னலைத் திறந்தால் பிணம் எரிகிற புகைதான் முதலில் உள்ளே வரும், அந்தப் புகையிலேயே சோறு தின்று, பரீட்சைக்குப் படித்து, கல்யாணமாகி வெளியே வந்தேன். ஒரு பேயும் என்னிடம் வந்து நலம் விசாரித்ததில்லை. என் மாமியார் சுற்றிப் போடுவதற்காக எடுத்து வைக்கிற எலுமிச்சம்பழத்தை நான் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிடுவேன், அதற்காக எங்கள் வீட்டில் நடக்காத சண்டை இல்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிற வேலை எனக்கு. ஆஸ்பத்திரி பெயரைச் சொல்ல மாட்டேன், நாளைக்கு நான் அங்கேதான் சோறு சம்பாதிக்க வேண்டும். தலையை ஒரு பெரிய வளையத்துக்குள் விட்டுப் படம் எடுப்பார்களே, அந்த மெஷின்தான். மூளையைப் பார்த்துச் சொல்கிற டாக்டர் எங்கள் ஊரில் இல்லை, அவர் சென்னையில் உட்கார்ந்திருப்பார், படத்தை அனுப்பினால் அவருக்கு நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்வார். ஆனால் பக்கவாதம் யாருடைய நேரத்துக்கும் காத்திருக்காது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கிற ஊசி போட வேண்டும். அதுவே அடைப்பாக இல்லாமல் ரத்தக் கசிவாக இருந்துவிட்டால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். அதனால் எங்கள் நிர்வாகம் ஒரு ஏ.ஐ. வாங்கி மாட்டியது. படம் எடுத்த கொஞ்ச நேரத்தில் அதுவே பார்த்து, கெட்டுப்போன இடத்தில் சிவப்பு பூசிக் காட்டும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருப்பார். பெயரைச் சொன்னால் கிளி கூண்டிலிருந்து வந்து அந்தப் பெயருக்கு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடும். இதுவும் அப்படித்தானே செய்கிறது என்று நான்தான் அதற்குக் கிளி என்று பெயர் வைத்தேன். டாக்டர் முதற்கொண்டு எல்லாரும் 'கிளி இன்னா சொல்லுது' என்றுதான் கேட்பார்கள்.

ஆரம்பத்தில் நக்கல் அடித்தவள்தான். பிறகு ஒரு நாள் யார் கண்ணுக்கும் தெரியாத மயிரிழைக் கசிவு ஒன்றை அது காட்டிக்கொடுத்தது, ஒரு பொம்பளை உயிர் பிழைத்தாள், அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன். உளறவும் செய்யும். படம் எடுக்கும்போது தலை அசைந்தால் அந்த நிழலைப் பார்த்து அடைப்பு என்று சொல்லிவிடும். தலை அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று கற்றுக்கொடுக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். அசையாமல் கட்டுவதற்கு ஒரு பட்டை உண்டு. எங்கள் பட்டை பிசிறடித்துப் போய் ஒட்டவே ஒட்டாது, புதிது கேட்டால் நிர்வாகம் பார்க்கலாம் பார்க்கலாம் என்றே காலத்தை ஓட்டியது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். நோயாளி திமிறினால் கூட வந்தவர்களில் ஒருவருக்குக் கதிர் தாக்காமல் இருக்க ஈயக் கோட்டை மாட்டிவிட்டு, வளையத்துக்குப் பின்னால் நிற்க வைத்துத் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வோம். பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இது நடந்தது ஐப்பசி மழையில், பட்டப்பகலில். பேய்க் கதை என்றால் நடுராத்திரி வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள், என்ன செய்வது, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை தெரியும், அன்றைக்கு அது இருந்த இடமே தெரியவில்லை, அப்படி ஒரு மழை. ஒரு கார் வந்து நின்றது. வாசலில் இருந்த நர்ஸ் வீல் என்று கத்தினாள், ஆக்சிடெண்ட் என்று ஓடிப்போய்ப் பார்த்தேன்.

ஆக்சிடெண்ட் இல்லை. எலவனாசூர்கோட்டைப் பக்கம் கரும்பு போட்டிருக்கிற ஒரு பெரிய குடும்பம், அந்த வீட்டுப் பெரியவர் தனகோடி. வலது கை, வலது கால் விழுந்து, வாய் கோணிப்போய், உளறிக்கொண்டு கிடந்தார். தோளிலிருந்து விரல் வரைக்கும் காய்ந்த ரத்தம், அதில் சின்னச் சின்ன இறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"புறா ரத்தம் மேடம்," என்றான் மகன் பாஸ்கர். "பூசினா இஸ்த்துக்கினது திரும்பிக்கும்னு ஊர்ல சொன்னாங்க."

எங்கள் பக்கம் பக்கவாதம் என்றால் முதல் வைத்தியம் இதுதான். ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடுவதற்கு முன்னால் புறா தேடுவார்கள். பாதிப் பேர் வருகிற வழியில் கழுவிவிட்டு, இப்போதுதான் விழுந்தார் என்று பொய் சொல்வார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைந்திருப்பேன். காலையில் தண்ணீர் பாய்ச்சும்போது விழுந்தவரை வைத்துக்கொண்டு இத்தனை நேரம் புறா பிடித்திருக்கிறார்கள்!

பெரியவரைப் பின் சீட்டில் மடியில் போட்டுக்கொண்டு வந்தவன் வெள்ளையன். மலைக்காரன், நாற்பது வயது இருக்கும், கரும்பு வெட்ட இறங்கி வந்தவன் அவர்கள் மோட்டார் கொட்டகையிலேயே தங்கிவிட்டான். ரத்தத்தைத் துடைக்க ஈரப் பஞ்சைக் கொடுத்தேன். துடைத்துக்கொண்டே பேசினான், நல்ல வாயாடி.

"கோபுரத்துல கீற புறா எம்மா. மழைல வழுக்குது, நான் மாட்டேன்னேன். சின்னவரு ஒரு கோட்டரு வாங்கியாந்து, இத்த ஊத்திக்கினு ஏறுடான்னாரு. நான் அத்த வுட்டு ரொம்ப நாளாச்சு எம்மா. கருணாபுரத்துல வெசச் சாராயம் குடிச்சு எங்க பங்காளி ஒருத்தன் கண்ணு போயி செத்தான் பாரு, அப்ப வுட்டது. பெரியவரு உசுராச்சேன்னு ஊத்திக்கினேன். புறாவையாச்சும் குடுப்பாங்கன்னு பாத்தா, ரத்தத்த எடுத்துக்கினு அத்தத் தூக்கிப் போட்டுட்டாங்க."

பெரியவர் மேஜையில் திமிறினார். தலையைப் பிடிக்க வாருங்கள் என்று பாஸ்கரைக் கூப்பிட்டேன்.

"அந்த எக்ஸ்ரே ஒடம்புல பட்டா கொழந்த பொறக்காதுன்றாங்களே மேடம்?" என்று பின்வாங்கினான். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறதாம்.

"ஈயக் கோட்டு போட்டா ஒண்ணும் ஆகாதுங்க."

"வெள்ளையா, நீ போடா. உனக்குத்தான் நாலு கீதே."

வெள்ளையனும் சேர்ந்து சிரித்தான். கோட்டை மாட்டிக்கொண்டு வளையத்துக்குப் பின்னால் போய் நின்று, குனிந்து, பெரியவர் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். "அசையாதீங்க பெரியவரே, நான் கீறேன்," என்றான். அவர் அடங்கிவிட்டார். அவன் கைகள் மட்டும்தான் வளையத்துக்குள் இருந்தன, அவன் தலை வெளியேதான் இருந்தது. கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், என் பிள்ளை மேல் சத்தியம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

படம் வந்தது. கிளி மூளையின் வலது பக்கத்தில் பெரிதாகச் சிவப்பு பூசியிருந்தது. ஓரம் கடித்த வெற்றிலை மாதிரி ஒரு வடிவம்.

இடது மூளை கெட்டால்தான் உடம்பில் வலது பக்கம் விழும். பெரியவருக்கு விழுந்தது வலது பக்கம். அப்படியானால் சிவப்பு இடது மூளையில் இருக்க வேண்டும். படத்தைத் திருப்பி எடுத்துவிட்டேனா என்று பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் கண்ணுக்கு எந்தப் பக்கமும் ஒன்றும் தெரியவில்லை, ஆரம்பத்தில் அப்படித்தான், மனிதக் கண்ணுக்குப் பிடிபடாது. டூட்டி டாக்டர் வந்து பார்த்தார். நல்ல பையன், வெளியூர். "தலை அசைஞ்சிருக்கும், கிளி உளறுது. மறுபடி எடுங்கக்கா," என்றார்.

அப்போது என் வாய் சும்மா இருந்ததா? "பெரியவர் பேரைச் சொன்னா கிளி வெள்ளையனுக்குச் சீட்டு எடுத்துடுச்சு போல," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த வெள்ளையன்தான் அதிகமாகச் சிரித்தான்.

"எனுக்கு இன்னா எம்மா, மலைக்காரன் மூளைல அடைக்கிறதுக்கு இன்னா கீது?"

பெரியவருக்கு மயக்கம் கொஞ்சம் கொடுத்து, யாரும் பிடிக்காமலே இரண்டாவது படம் எடுத்தேன். இடது பக்கம், அளவாக ஒரு சிவப்பு. கிளி சரியாகச் சொல்லிவிட்டது. சென்னை டாக்டரும் போனில் சரி என்றார், நேரம் முடிகிற விளிம்பில் ஊசி ஏறியது. பாஸ்கர் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் வெளியே வந்தேன். வெள்ளையன் படியோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளர் கீழே விழுந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை, தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

"எம்மா, எங் கை எங்க போச்சு?" என்றான். அதற்குள் நாக்கு தடித்துவிட்டது. சுவரோடு சறுக்கி உட்கார்ந்தான்.

கூட்டம் கூடியது. அட்டெண்டர் குனிந்து அவன் வாயை மோந்து பார்த்துவிட்டு, "ஊத்திக்கினுக்கீறான்பா," என்றார். அந்தச் சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் ஊரில் நாக்குக் குழறி எவன் விழுந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். அதையே கேட்டார்கள். "டேய், கண்ணு தெரியுதா? இது எத்தினி வெரலு?" அவன் சரியாகச் சொன்னான். கண் தெரிகிறது என்றதும் எல்லாருக்கும் நிம்மதி, வெறும் போதைதான் என்று கலைந்து போக ஆரம்பித்தார்கள். விரலை எண்ணத் தெரிந்ததுதான் அவன் செய்த குற்றம்.

"இவர் குடிப்பாரா?" என்று டாக்டர் பாஸ்கரைக் கேட்டார்.

"டெய்லி சார். மலைக்காரனுங்க, சொன்னா எங்க கேக்கறானுங்க?"

நான் பாஸ்கரைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்தான்.

"இவருதான் சார் வாங்கிக் குடுத்தாரு, புறா புடிக்கறதுக்கு," என்றேன்.

"நான் வாங்கிக் குடுத்தேன், அவன்தானே மேடம் குடிச்சான்?" என்றான் பாஸ்கர்.

சண்டை போட்டு ஸ்கேனுக்குக் கொண்டுபோனேன். வெள்ளையனுக்குத் தலை பிடிக்க ஆள் தேவைப்படவில்லை, சொன்னபடி படுத்தான். வலது கை மட்டும் இடது கையைத் தேடித் தடவிக்கொண்டே இருந்தது. கிளி அவன் மூளையைப் பார்த்துவிட்டு ஒரே வரி சொன்னது, பாதிப்பு எதுவும் இல்லை. ஒரு புள்ளி சிவப்பு கிடையாது.

டாக்டரிடம் பெரியவரின் முதல் படத்தைக் காட்டினேன். வலது மூளையில் சிவப்பு, இவனுக்கு விழுந்தது இடது பக்கம், பொருந்துகிறது பாருங்கள் என்றேன். சொல்லும்போதே பைத்தியக்காரி மாதிரி இருக்கிறோம் என்று எனக்கே தெரிந்தது.

"அடுத்த ஆள் படத்தை வெச்சு இந்த ஆளுக்கு ஊசி போடச் சொல்றீங்களாக்கா? ரத்தம் கசிஞ்சு செத்துட்டா யார் பதில் சொல்றது? அவர் படத்துல கிளியே ஒண்ணும் இல்லைன்னு சொல்லுது."

அவர் கேட்டது நியாயம். இன்றைக்கு யோசித்தாலும் நியாயம்தான், அதுதான் வயிறு எரிகிறது. அத்தனை பேருக்கு நடுவில், ஸ்கேன் அறைக்குப் பத்தடி தள்ளி, விழுந்த நிமிஷமே பார்க்கப்பட்டவன் அவன் ஒருத்தன்தான். அப்படி ஒரு அதிர்ஷ்டம் எந்தப் பணக்காரனுக்கும் கிடைக்காது. அவனை நடையில் ஒரு கட்டிலில் போட்டு, போதை தெளிய குளுக்கோஸ் ஏற்றினார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் பெரியவரை இந்த நிலைமையில் வைத்துக்கொண்டு குடித்திருக்கிறானே என்று அவனைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தான், பதில் சொல்ல நாக்கு இல்லை.

மறுநாள் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எடுத்த படத்தை எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி போனில் அனுப்பினாள். இப்போது கிளி தேவையில்லை, எந்தக் குருடனுக்கும் தெரியும், வலது மூளை கறுத்துப் போயிருந்தது. அந்தப் போனை எங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்து, பெரியவர் பெயரில் இருந்த முதல் படத்தைத் திறந்தேன். அதே இடம், அதே அளவு, ஓரம் கடித்த அதே வெற்றிலை. கடித்த இடம்கூட மாறவில்லை. கழுத்துப் பின்னால் மயிர் நட்டுக்கொண்டது என்று கதையில் படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

இரண்டு நாளில் வெள்ளையன் செத்துப்போனான். உடலை மலைக்குக் கொண்டுபோகிற வழியில் அவன் மனைவி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், அவன் சட்டை இங்கேயே தங்கிவிட்டிருந்தது. சட்டையை வாங்கி மோந்து பார்த்தாள்.

"குடிச்சுத்தான் செத்தாருன்னு சொல்றாங்க எம்மா. எந் தலைல அடிச்சு சத்தியம் பண்ணிக்கீறாரு, இனிமே தொடமாட்டேன்னு. பொய் சத்தியம்னா எந் தலதானே போவணும்? அவுரு தல எப்டி போச்சு?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். புறா, கோபுரம், சின்னவர், எல்லாம். அவள் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தனகோடி பிழைத்துக்கொண்டார். கோல் ஊன்றி நடக்கிறார், செக்கப்புக்கு வருகிறார். புறா ரத்தம்தான் காப்பாற்றியது என்று பாஸ்கர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான், இப்போது அந்தப் பக்கத்துக் கோபுரங்களில் புறாவே தங்குவதில்லையாம். கிளியை விற்ற கம்பெனி ஆளைக் கூப்பிட்டு இரண்டு படத்தையும் காட்டினேன். தலை அசைந்ததால் வந்த பிழை, எப்போதாவது இப்படி வரும், மற்றது தற்செயல் என்றார். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே சொந்தக் காசில் பட்டை வாங்கித் தைத்துவிட்டேன். அதன் பிறகு யாரையும் தலை பிடிக்க நான் விட்டதில்லை.

இங்கேயே முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம், போன ஐப்பசியில், வண்டியிலிருந்து விழுந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ரோட்டில் போனவர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், சொந்தம் என்று யாரும் இல்லை. வலிப்பு வந்து துள்ளினாள், நான் தைத்த பட்டை கிழிந்துபோனது. என்ன செய்வேன், சொல்லுங்கள். ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு நானே போய் அவள் தலையைப் பிடித்தேன். என்னோடு வேலை செய்கிற பெண் வெளியே இருந்து பட்டனை அழுத்தினாள்.

கிளி இடது மூளையில் சிவப்பு பூசியிருந்தது. பேச்சு உட்கார்ந்திருக்கிற இடம் அது. அந்தப் பெண்ணுக்கு மூளையில் ஒன்றுமே இல்லை, சென்னை டாக்டரும் பார்த்துவிட்டார், நன்றாகப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கே நானும் வளையத்துக்குள் படுத்துப் படம் எடுத்துக்கொண்டேன். கிளி ஒரே வரி சொன்னது, பாதிப்பு எதுவும் இல்லை. பார்த்தியாக்கா, வீணா பயந்தே என்று எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளையனுக்கும் அதே வரியைத்தான் சொன்னது என்பது ஒருத்தருக்கும் நினைவில்லை.

அவனுக்கு அன்றைக்கே வந்தது, எனக்கு ஐப்பசி போய் தை வந்துவிட்டது. அதனால் இனி வராது என்று ஆகிவிடுமா? காலையில் கண் விழித்ததும் வாயைத் திறந்து முதலில் என் மகள் பெயரைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். "இன்னாம்மா?" என்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போவேன்.

நீங்கள் நம்பவில்லை, முகத்திலேயே தெரிகிறது. நம்ப வேண்டாம், இருக்கட்டும். இவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். பேசும்போது என் வாய் வலது பக்கம் தொங்குகிறதா?